நீர்த்துளி வடிவில் ஆயிரத்தெட்டுப் பேர்

முப்பது வருடத்துக்கும் மேல் அரசுப் பள்ளிகளில் உடற்கல்வி ஆசிரியையாக இருந்தேன். அதில் உடற்கல்வி கற்றுக்கொடுத்த நேரத்தை மட்டும் தனியாகக் கூட்டினால் இரண்டு மூன்று வருடம் தேறும். மீதிக் காலம் முழுக்க வரிசை நிறுத்தினேன். காலை வழிபாட்டுக்கு வரிசை, சத்துமாத்திரைக்கு வரிசை, இலவச சைக்கிளுக்கு வரிசை, வருகிற அதிகாரிக்குப் பூத்தூவ இரண்டு பக்கமும் வரிசை. விசில் ஊதத் தெரிந்த ஒரே ஆள் நான்தான் என்பதால் பள்ளியில் எது நடந்தாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். விளையாட்டு நடந்தால் மட்டும் கூப்பிட மாட்டார்கள். ஏனென்றால் அது நடக்காது.

போன மாதம் செய்தித்தாளில் ஒரு படம் பார்த்தேன். ஏதோ ஒரு ஊரில் பள்ளிப் பிள்ளைகள் மரத்தின் வடிவத்தில் நின்று உலக சாதனை படைத்திருக்கிறார்களாம். மேலிருந்து எடுத்த படம். "எத்தன அழகா நிக்கறாங்க பாருங்கக்கா" என்றாள் பக்கத்து வீட்டுப் பெண். எனக்குப் படத்தைப் பார்க்கப் பிடிக்கவில்லை. மேலிருந்து பார்த்தால் எல்லாம் அழகுதான். நான் கீழே நின்றவள். கீழே என்ன நடந்தது என்று சொல்கிறேன்.

என் படிப்பைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. பொள்ளாச்சிப் பக்கத்துக் கிராமம். கல்லூரியில் ஈட்டி எறிந்தேன், அது உடற்கல்விப் பட்டம் வரைக்கும் கொண்டுபோய் விட்டது. முதல் வேலை சத்தியமங்கலத்துக்கு மேலே ஒரு சின்னப் பள்ளி. அங்கே மைதானம் கிடையாது, ஆனால் பிள்ளைகள் விளையாடினார்கள். பிறகு ஆனைமலை. கடைசியாகக் கோவை நகரத்துக்குள் இருந்த அந்தப் பெரிய பெண்கள் மேல்நிலைப் பள்ளி. அங்கே மைதானம் இருந்தது. ஓட்டப் பாதை, கோ-கோ கம்பம், வாலிபால் வலை எல்லாம் இருந்தன. விளையாடத்தான் யாருக்கும் நேரம் இல்லை.

தலைமையாசிரியை கோகிலவாணி அம்மாவைப் பற்றிச் சொல்லாமல் எதுவும் விளங்காது. ஒரே ஒரு நாளைத் தவிர, அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. 'ங்க' போடாமல் ஒரு வாக்கியம் அவரிடமிருந்து வந்ததில்லை. பிள்ளைகள் எல்லாரும் கண்ணு, துப்புரவு செய்கிற அம்மா முதல் துணைத் தலைமையாசிரியை வரை எல்லாரும் அம்மணி. வந்த புதிதில் நானும் உருகித்தான் போனேன். கொஞ்ச நாளில் புரிந்தது. அந்த அம்மா கெஞ்சுகிற மாதிரி கேட்பார், கேட்டு முடிக்கும்போது நம் கையில் இருந்தது அவர் கைக்குப் போயிருக்கும்.

"ஏனுங்க டீச்சர், ஒண்ணும் நெனச்சுக்காதீங்க. ஒம்பதாவது பி.டி. பீரியட கணக்கு டீச்சர் சித்தெ எடுத்துக்கட்டுங்களா? பரிச்ச வருதுங்கள்ல?"

பரீட்சை ஜூன் மாதத்திலிருந்தே வந்துகொண்டிருக்கும். மண்டல விளையாட்டுப் போட்டிக்கு அணியை அனுப்ப வேண்டும் என்று போய் நின்றால், "தாராளமா அனுப்புங்க டீச்சர். ஸ்பெஷல் கிளாஸ் முடிஞ்சதும் கூட்டிட்டுப் போயிருங்க" என்பார். ஸ்பெஷல் கிளாஸ் முடியும்போது போட்டியும் முடிந்திருக்கும்.

அவருக்குத் திட்டங்கள் பிடிக்கும். மரம் நடும் திட்டம், மஞ்சப்பைத் திட்டம், வாசிப்புத் திட்டம், சிரிப்புத் திட்டம் என்றுகூட ஒன்று வந்தது. திட்டம் என்றால் என்ன? ஒரு பேனர், ஒரு விருந்தினர், ஒரு புகைப்படம். புகைப்படம் வாட்ஸ்அப் குழுவில் ஏறியதும் திட்டம் நிறைவேறியது. நட்ட மரக்கன்றுக்கு மறுநாள் தண்ணீர் ஊற்றினாயா என்று யாரும் கேட்டதில்லை. சிரிப்புத் திட்டம் என்ன ஆனது என்று நானும் கேட்கவில்லை.

இப்படி இருந்த அம்மாவுக்கு யாரோ உலக சாதனை ஆசையைக் காட்டிவிட்டார்கள்.

நான் ஓய்வு பெறுவதற்கு இரண்டு வருடம் முன்பு, பிப்ரவரி கடைசியில். தண்ணீர் சேமிப்பு விழிப்புணர்வுக்காக ஆயிரத்தெட்டு மாணவிகள் நீர்த்துளி வடிவில் ஒரு மணி நேரம் அசையாமல் நிற்க வேண்டும். ஏதோ ஒரு சாதனைப் புத்தகத்துக்காரர்கள் வந்து பார்த்துச் சான்றிதழ் தருவார்கள். ஏன் ஆயிரத்தெட்டு என்று கேட்டேன்.

"பேனர் அடிச்சாச்சுங்க டீச்சர்" என்றார்.

வடிவம் வரைகிற வேலை எனக்கு. அதை நான் ஒழுங்காகத்தான் செய்தேன். மைதானத்தின் நடுவில் ஒரு முளையை அடித்து, கயிற்றைக் கட்டி, மறுமுனையை இழுத்துப் பிடித்துச் சுற்றி நடந்தால் அடிப்பாகத்தின் வளைவு வரும். மேலே கூர்மையாக முடிகிற இடம்தான் கஷ்டம். இரண்டு பக்கமும் சமமாக வராவிட்டால் நீர்த்துளி வெங்காயம் மாதிரி ஆகிவிடும். சுண்ணாம்புத் தூளைத் தகர டப்பாவில் ஓட்டை போட்டுத் தட்டித் தட்டிக் கோடு போட்டேன். உள்ளே ஒவ்வொருத்தி நிற்கும் இடத்துக்கும் ஒரு புள்ளி. உயரமானவர்கள் நடுவில், குட்டையானவர்கள் ஓரத்தில். மூன்று நாள் ஒத்திகை. ஒத்திகையில் அரை மணிக்கு மேல் பிள்ளைகளால் நிற்க முடியவில்லை என்பதை நான் போய்ச் சொன்னேன்.

"நிக்கறதுதானுங்க டீச்சர். ஓடவா சொல்றோம்?"

இந்த ஒரு வாக்கியத்துக்காகவே அந்த அம்மாவை உடற்கல்விக் கல்லூரிக்கு ஒரு வருடம் அனுப்பியிருக்க வேண்டும். ஓடுகிறவளுக்கு மயக்கம் வருவதைவிட அசையாமல் நிற்கிறவளுக்குச் சீக்கிரம் வரும். ரத்தம் காலிலேயே தங்கிவிடும். சொன்னேன். "அப்படிங்களா" என்று மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். பிறகு, தண்ணீர் குடித்தால் பாத்ரூம் போகக் கேட்பார்கள், வடிவம் கலையும், அதனால் காலையிலிருந்து யாருக்கும் தண்ணீர் வேண்டாம் என்று உத்தரவு போட்டார். தண்ணீரின் அருமையை உலகத்துக்குச் சொல்லும் நிகழ்ச்சியில் சொட்டுத் தண்ணீர் கிடையாது.

வீசிங், வலிப்பு, இதயக் கோளாறு இருந்த பிள்ளைகளை நான் முன்னாலேயே பிரித்து, வேப்ப மரத்தடியில் உட்கார வைத்துவிட்டேன். அவர்களில் ஒருத்தி நஸ்ரின். ஒன்பதாம் வகுப்பு, உக்கடத்திலிருந்து வருகிறவள். சின்ன வயதிலேயே சர்க்கரை. தினமும் காலையில் தானே வயிற்றில் இன்சுலின் ஊசி போட்டுக்கொள்வாள். போட்டால் நேரத்துக்குச் சாப்பிட்டாக வேண்டும். பதினோரு மணிக்கு ஒரு தடவை எதையாவது சாப்பிட வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவளுடைய அத்தா அப்பாஸ் பாய், கிரைண்டர் மிக்ஸி பழுது பார்க்கும் கடை வைத்திருப்பவர், பள்ளியில் சேர்த்த அன்றே என்னைத் தேடி வந்து சொல்லிவிட்டுப் போனார். "அவளுக்குத் தெரியுங்க டீச்சரம்மா. அவ கேட்டா மட்டும் உட்ருங்க, போதும்."

நிகழ்ச்சியன்று காலை ஆறரைக்கே எல்லாரும் வந்தாக வேண்டும். நீல ஆடை, தலையில் வெள்ளை ரிப்பன். எட்டு மணிக்குத் தொடக்கம் என்று அழைப்பிதழ் சொன்னது. சிறப்பு விருந்தினர் வந்தது பத்து மணிக்கு மேல். சாதனைப் புத்தகத்துக்காரர்கள் இரண்டு பேர், அந்த வெயிலில் கோட்டுப் போட்டுக்கொண்டு, ஸ்டாப் வாட்ச்சுடன் பந்தலில் உட்கார்ந்து இளநீர் குடித்தார்கள்.

எண்ணிப் பார்த்தபோது ஆள் குறைந்தது. காய்ச்சல், கல்யாணம் என்று சிலர் வரவில்லை. பேனரில் ஆயிரத்தெட்டு இருக்கிறது. நான் அந்தக் கோடியில், துளியின் கூர்மையில் வரிசையைச் சரிசெய்துகொண்டிருந்தேன். அந்த நேரத்தில் தலைமையாசிரியை இன்னொரு ஆசிரியையை அனுப்பி வேப்ப மரத்தடிப் பிள்ளைகளை எழுப்பிக் கொண்டுவந்து இடைவெளிகளில் நிறுத்திவிட்டார். எனக்குத் தெரியாது. நஸ்ரின் அந்த ஆசிரியையிடம் சொல்லியிருக்கிறாள்.

"மிஸ், நான் இன்சுலின் போட்டிருக்கேன். பதினொரு மணிக்குச் சாப்பிடணும். டப்பா கிளாஸ்ல இருக்குதுங்க."

"போட்டோ எடுத்ததும் சாப்பிட்டுக்கலாம் கண்ணு."

மணி அடித்தார்கள். ஆயிரத்தெட்டுப் பேரும் அசையாமல் நின்றார்கள். மேலே ட்ரோன் தேனீ மாதிரி சுற்றிக்கொண்டிருந்தது. மேடையிலிருந்து தலைமையாசிரியை மைக்கில் தண்ணீரைப் பற்றிக் கவிதை மாதிரி ஏதோ வாசித்துக்கொண்டிருந்தார். பாதி நேரம் தாண்டியிருக்கும். துளியின் நடுவில் ஒரு இடம் குழி விழுந்த மாதிரி தெரிந்தது. ஒருத்தி விழுந்துவிட்டாள். பக்கத்தில் நின்றவர்கள் குனிந்தார்கள்.

"யாரும் அசையாதீங்க கண்ணுகளா!" மைக்கில் குரல் வந்தது. "டீச்சருங்க பாத்துக்குவாங்க. நீங்க அப்படியே நில்லுங்க."

டீச்சர்கள் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். ஓரத்தில் நின்று பார்த்தார்கள். உள்ளே போனால் சேலையின் நிறம் படத்தில் விழும் என்று காலையிலேயே எல்லாருக்கும் சொல்லியிருந்தது. குழந்தை விழுந்து கிடக்கிறாள், எம்.ஏ., பி.எட். படித்த பெண்கள் சேலையின் நிறத்தை யோசிக்கிறார்கள்.

நான் ஓடினேன். விழுந்து கிடந்தவள் நஸ்ரின். மரத்தடியில் இருக்க வேண்டியவள் இங்கே எப்படி வந்தாள்? உடம்பெல்லாம் சில்லென்று வியர்த்திருந்தது. கை நடுங்கியது. "நஸ்ரின்" என்று கூப்பிட்டதற்கு ஏதோ குழறினாள். குழறினாள் என்றால் நினைவு முழுதாகப் போகவில்லை. நினைவில்லாதவள் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, புரையேறிவிடும். என் பையில் குளுக்கோஸ் எப்போதும் இருக்கும். ஒருக்களித்துப் படுக்க வைத்து, விரலில் குளுக்கோஸைத் தொட்டு அவளுடைய கன்னத்தின் உள்பக்கம் தேய்த்தேன். கொஞ்சம் கொஞ்சமாக. காற்று இல்லை. சுற்றிலும் பிள்ளைகள் சுவர் மாதிரி நின்றார்கள். நகரச் சொன்னேன். ஒருத்தி அழுதுகொண்டே, "மேடம் நகரக் கூடாதுன்னு சொல்லிட்டாங்க மிஸ்" என்றாள்.

நிமிர்ந்து விசிலை எடுத்து ஊதினேன். நீளமாக ஒரே ஊதல். எங்கள் பள்ளியில் அதற்கு அர்த்தம் ஒன்றுதான்: செய்வதை விட்டுவிட்டு உட்கார். அத்தனை பேரும் உட்கார்ந்தார்கள். "நில்லுங்க, நில்லுங்க கண்ணுகளா" என்று மைக் கத்தியது. அந்த அம்மா கத்தி அன்றுதான் கேட்டேன். ஒருத்தியும் எழவில்லை. நான் இரண்டாவது முறை ஊதி, கலையச் சொல்லிக் கையைக் காட்டினேன். நீர்த்துளி உடைந்து, மைதானத்தின் ஓரத்திலிருந்த தண்ணீர்த் தொட்டியை நோக்கி ஓடியது.

நஸ்ரின் கொஞ்ச நேரத்தில் கண்ணைத் திறந்து, "மிஸ், டப்பா" என்றாள். ஆம்புலன்ஸில் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் வலிப்பு வந்திருக்கும் என்றார் டாக்டர். அப்பாஸ் பாய் கடையிலிருந்து கிரீஸ் படிந்த கையோடு ஓடி வந்தார். மகள் உட்கார்ந்து ரொட்டி தின்பதைப் பார்த்ததும் அப்படியே சுவரில் சாய்ந்துவிட்டார்.

"கேட்டா உட்ருங்கன்னு மட்டும்தானுங்க சொன்னேன்" என்றார். என்னைக் குற்றம் சொல்லவில்லை. யாரிடமும் சொல்லவில்லை. சுவரைப் பார்த்துச் சொன்னார்.

மாலையில் பள்ளிக்குத் திரும்பினேன். தலைமையாசிரியையின் அறையில் ஒரே கூட்டம், லட்டு வாசனை. கோட்டுக்காரர்கள் சான்றிதழைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார்கள். கண்ணாடிச் சட்டம் போட்டது. காலையில் காரில் வரும்போதே கையோடு கொண்டுவந்தது. 'ஆயிரத்தெட்டு மாணவிகள் ஒரு மணி நேரம் இடைவிடாது அசையாமல் நின்று' என்று பொன்னெழுத்தில் அடித்திருந்தது. நான் உடைத்த சாதனைக்குச் சான்றிதழ்! இவ்வளவுதான் என்றால் பிள்ளைகளை நிறுத்தாமலேயே வாங்கியிருக்கலாமே.

மறுநாள் எனக்கு மெமோ வந்தது. தலைமையாசிரியையின் உத்தரவை மீறி, விசில் ஊதி, நிகழ்ச்சியைப் பாதியில் கலைத்து, பள்ளியின் பெயருக்குக் களங்கம் விளைவித்ததற்கு விளக்கம் தர வேண்டும். ஓய்வு பெறப்போகிற நேரத்தில் மெமோ என்றால் சின்ன விஷயமில்லை. விசாரணை என்று இழுத்தால் வீட்டுக்குப் போகும் நாளில் பென்ஷன் காகிதத்தில் கையெழுத்துப் போட ஆள் இருக்காது. உடன் வேலை பார்த்தவர்கள் மன்னிப்புக் கேட்டுவிடச் சொன்னார்கள். என் கணவரும் அதையே சொன்னார்.

நான் நாலு வரி எழுதினேன். 'நிகழ்ச்சி இடைவிடாது ஒரு மணி நேரம் நடந்ததாகத் தங்கள் அறைச் சுவரில் உலக சாதனைச் சான்றிதழ் தொங்குகிறது. ஆகவே நிகழ்ச்சி பாதியில் கலைந்தது என்பது உண்மையாக இருக்க முடியாது. கலையாத ஒன்றை நான் கலைத்ததாகச் சொல்வது எப்படி என்று தெரிவித்தால் விளக்கம் தருகிறேன்.'

தலைமையாசிரியை படித்துவிட்டுச் சுவரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"நல்லா எழுதறீங்க டீச்சர். போங்க, போயி வேலையப் பாருங்க."

மெமோவைப் பற்றிப் பிறகு பேச்சே இல்லை. எனக்கு இது வெற்றியாகத் தோன்றவில்லை. ஒரு பொய் தன் வசதிக்காக இன்னொரு பொய்யை விட்டுக்கொடுத்தது, அவ்வளவுதான். நஸ்ரின் விழுந்தாள் என்பது எந்தக் காகிதத்திலும் ஏறவில்லை.

மார்ச்சில் ஆண்டு விழா. சாதனையில் நின்ற எல்லாருக்கும் சான்றிதழ், பத்துப் பேருக்கு மட்டும் மேடையில். அதில் நஸ்ரின் பெயரும் இருந்தது. அப்பாஸ் பாய் எங்காவது புகார் எழுதிவிடுவாரோ என்ற பயம். மகளை மேடையேற்றிக் கைதட்ட வைத்தால் தகப்பன் வாய் அடைபட்டுவிடும் என்பது அந்த அம்மாவின் கணக்கு. மேடைப் படிக்குப் பக்கத்தில் வழக்கம்போல் நான், வரிசை நிறுத்திக்கொண்டிருந்தேன். பிள்ளைகளை ஏற்றுவதும் சட்டென்று இறக்குவதும் என் வேலை.

சிறப்பு விருந்தினர் ஒரு மோட்டார் பம்ப் கம்பெனி முதலாளி. வெள்ளை வேட்டி கட்டிய வயதானவர். நஸ்ரின் போய் அவர் கையால் சான்றிதழை வாங்கி, நின்ற இடத்திலேயே அதைப் படித்தாள். பிறகு மைக் பக்கம் திரும்பினாள்.

"மேடம், இதுல நான் ஒரு மணி நேரம் நின்னேன்னு போட்டிருக்குதுங்க. நான் நிக்கலீங்க. நடுவுல விழுந்துட்டேன்."

தலைமையாசிரியை ஒரு நொடிகூடத் தடுமாறவில்லை. மைக்கைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "பாருங்க, எத்தன தன்னடக்கம் இந்தக் கண்ணுக்கு! எல்லாரும் கைதட்டுங்க!"

கூட்டம் கைதட்டியது. நஸ்ரின் கைதட்டல் ஓயும்வரை பொறுமையாக நின்றாள். ஓய்ந்ததும் மைக்கை எட்டிப் பிடித்தாள்.

"தன்னடக்கம் இல்லீங்க மேடம். சக்கர கொறஞ்சுபோச்சு."

சிரிப்பு கொஞ்சம் கேட்டது, பிறகு அடங்கியது. முதலாளி தோளிலிருந்த சால்வையைச் சரிசெய்துகொண்டே குனிந்தார். "ஏங்கண்ணு, அன்னிக்குக் காத்தால சாப்புடலியா?"

"ஊசி போட்டிருந்தேனுங்கய்யா. சாப்பிடோணும்னு கேட்டேன். உடலீங்க."

தலைமையாசிரியை என்னைப் பார்த்தார். இறக்கு என்று கண் சொன்னது. வருடக்கணக்காக அந்தக் கண் சொன்னதையெல்லாம் செய்து பழகியவள் நான். கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். யார் விடவில்லை என்று பெரியவர் கேட்டார். நஸ்ரின் எதையும் கூட்டாமல், அழாமல், மரத்தடியிலிருந்து எழுப்பியது முதல் ஆஸ்பத்திரி வரைக்கும் சொன்னாள். முன்வரிசையில் பெற்றோர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பின்னால் எங்கேயோ ஒரு அம்மா, "எம் பொண்ணும் அன்னிக்கு வாந்தி எடுத்தாளுங்க!" என்று எழுந்தாள். இன்னொருத்தி எழுந்தாள்.

இதற்குப் பிறகு தலைமையாசிரியை திருந்தினார் என்று யாராவது நினைத்தால் அவர்களுக்கு அந்த அம்மாவைத் தெரியாது. பெற்றோர்கள் கேள்வி கேட்டார்கள், மேலிடத்திலிருந்து ஒருவர் வந்து பேசிவிட்டுப் போனார். விளைவு? ஜூனில் பள்ளி திறந்ததும் புதிய திட்டம்: 'நலம் காக்கும் நம் பள்ளி'. உடல்நலக் குறை உள்ள மாணவிகள் எந்த வகுப்பிலும், எந்த நிகழ்ச்சியிலும் கேட்காமலே எழுந்துபோய்ச் சாப்பிடலாம், தண்ணீர் குடிக்கலாம். உருப்படியான ஒரே உத்தரவு. அதற்கும் பேனர், அதற்கும் விருந்தினர், அதற்கும் புகைப்படக்காரர். குத்துவிளக்கு ஏற்றுவது நஸ்ரின்.

விருந்தினர் வந்தார். விளக்கில் எண்ணெய் ஊற்றியாயிற்று, மெழுகுவத்தியும் தயார். நஸ்ரினை மட்டும் காணோம். ஆளனுப்பினார்கள். போனவள் தனியாகத் திரும்பி வந்தாள்.

"பதினொரு மணி ஆயிருச்சாமுங்க மேடம். சாப்பிட்டுட்டு வாரேன்னு சொல்றா."

தலைமையாசிரியை வாயைத் திறந்தார். பின்னாலிருந்த பேனரில் உத்தரவு பெரிய எழுத்தில் இருந்தது. வாயை மூடிக்கொண்டார். விருந்தினர் நின்றார், புகைப்படக்காரர் நின்றார், அந்த அம்மா கையில் மெழுகுவத்தியோடு நின்றார். வெயிலுக்கு எல்லாருக்கும் வியர்த்தது.

நான் வகுப்புக்குப் போய் எட்டிப் பார்த்தேன். நஸ்ரின் தனியாக உட்கார்ந்து இட்லியைப் பிட்டுத் தேங்காய்ச் சட்னியில் தோய்த்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழப் பார்த்தாள். உட்காரச் சொன்னேன். இரண்டு இட்லியையும் நிதானமாக மென்று முடித்தாள், தண்ணீர் குடித்தாள், டப்பாவைக் குழாயடியில் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டுத்தான் கையைத் துடைத்தாள்.